ரேவன்ஹில் முதல் சிங்கோலா வரை

அயர்லாந்துத் தீவு 1921ஆம் ஆண்டில் இரண்டு ஆட்சிகளாகப் பிரிக்கப்பட்டபோது சட்டசபையும் நீதிமன்றமும் இரண்டாயின; அஞ்சலும் நாணயமும் பின்னர் இரண்டாயின; கால்பந்தாட்டச் சங்கமும் அதே ஆண்டில் இரண்டாகப் பிளந்து, இன்றுவரை ஒன்று சேராமலே இருக்கிறது. ஆனால் ரக்பி ஆட்டத்தை நடத்திவந்த சங்கம் மட்டும் பிரிவினையை ஏற்காமல், வடக்கே பெல்ஃபாஸ்டில் பிறந்தவனையும் தெற்கே கார்க்கில் பிறந்தவனையும் ஒரே பச்சைச் சட்டையில், ஒரே அணியில் நிறுத்திவந்தது. மதத்தாலும் அரசியலாலும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு நோக்கிய இரு சமூகங்களின் பிள்ளைகள், ஆண்டுக்குச் சில சனிக்கிழமைகளில் மட்டுமாவது தோளோடு தோள் கோத்து நின்ற அந்த ஏற்பாட்டை, விளையாட்டுச் சரித்திரத்தில் மிக உயர்ந்த காரியங்களுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். அந்த அணியில் 1947 முதல் 1958 வரை ஆடிய ஜாக் கைல் என்னும் பெல்ஃபாஸ்ட் வைத்தியரின் கதையே இக்கட்டுரையின் பொருள்.

ரக்பி நம் ஊர்களில் பெரும்பாலோர் ஆடிப் பழகாத ஆட்டமாகையால் அதைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவினது. கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் தோழனுக்குத் தரவேண்டும். எதிரியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதிப்பதற்கு ‘ட்ரை’ என்று பெயர். இக்காலத்தில் அதற்கு ஐந்து புள்ளிகள், கைல் ஆடிய காலத்திலோ மூன்றே. பருத்த தேகமுடைய எட்டுப் பேர் எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டிக்கொண்டு நிற்கும் ‘ஸ்க்ரம்’ என்னும் கும்பலிலிருந்து பந்து வெளிப்பட்டதும், அதைப் பொறுக்கி எறிபவர் ஒருவர். சற்றுத் தள்ளி நின்று அதை வாங்கி, உதைப்பதா, ஓடுவதா, தோழனுக்குக் கொடுப்பதா என்று ஒரு விநாடிக்குள் தீர்மானிப்பவர் மற்றொருவர். இரண்டாமவரின் ஸ்தானத்துக்கு ‘ஃபிளை ஆஃப்’ என்று பெயர். அணியின் புத்தி இருக்கும் இடம் அது. ஜாக் கைல் நின்ற இடமும் அதுவே.

1926ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி பிறந்த ஜான் வில்சன் கைல், பெல்ஃபாஸ்ட் ராயல் அகாடமி என்னும் பள்ளியில் பயின்று, பின்னர் அந்நகரத்தின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். அவருடைய பிள்ளைப் பருவம் யுத்த காலத்தோடு இழைந்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்கள் பெல்ஃபாஸ்ட் மீது குண்டு பொழிந்து, ஒரே இரவில் நூற்றுக்கணக்கானோரை மாய்த்தபோது அவருக்குப் பதினைந்து பிராயம். யுத்தத்தால் நின்றுபோயிருந்த தேசாந்தர ஆட்டங்கள் 1947இல் மீண்டும் முறையாகத் தொடங்கியபோது, அவ்வாண்டு ஜனவரி 25ஆம் தேதி டப்ளின் நகரத்து லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் பிரான்சுக்கு எதிராக அயர்லாந்தின் ஃபிளை ஆஃபாக நின்றவர் இந்த வைத்திய மாணவர். அந்த ஆட்டத்தில் அயர்லாந்து தோற்றது. ஆனால் ஒரு தலைமுறைக் காலம் அந்த ஸ்தானத்துக்கு வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை என்பது அடுத்த ஆண்டே தெளிவாயிற்று.

1948ஆம் ஆண்டின் கதையைச் சற்று நிதானமாகவே சொல்லவேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வெல்வதை ‘ட்ரிபிள் கிரவுன்’ என்பார்கள். அந்தப் பெருமையை அயர்லாந்து கடைசியாகப் பெற்றது 1899இல். அரை நூற்றாண்டாகக் கைக்கு எட்டாத அந்தக் கனிக்கு ஏங்கியிருந்த ஜனங்களுக்கு, புத்தாண்டு தினத்தன்று பாரிஸ் நகரத்தில் பிரான்சை 13க்கு 6 என்று வென்ற செய்தி நல்ல சகுனமாயிற்று. பிப்ரவரியில் லண்டனை அடுத்த ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தைச் சந்தித்தபோது, கைல் ஒரு ட்ரை அடித்துத் தம் அணிக்கு முன்னிலை தேடிக்கொடுத்தார். அவரே பிறகு எறிந்த பந்தொன்றை எதிரணியின் கெஸ்ட் என்பவர் இடையில் புகுந்து பறித்து ஓடிப்போய்ப் பதிக்க, 11க்கு 10 என்னும் ஒற்றைப் புள்ளியில் அயர்லாந்து தப்பிப் பிழைத்தது. அந்தப் பிழைக்குப் பின்னும் அவரைத் தேர்வாளர்கள் நீக்கவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பின் ஸ்காட்லாந்தை 6க்கு 0 என்று வென்ற ஆட்டத்தில் கைல் மறுபடியும் ஒரு ட்ரை அடித்தார்.

எஞ்சியது வேல்ஸ். மார்ச் 13ஆம் தேதி, பெல்ஃபாஸ்டின் ரேவன்ஹில் மைதானம். கைலுக்குச் சொந்த ஊர். நாலா திசைகளிலிருந்தும் வந்து நெருக்கியடித்து நின்ற கூட்டம், வடக்கு தெற்கு என்னும் பேதம் இல்லாமல் ஒரே குரலாகக் கத்தியது. பார்னி மல்லன் அயர்லாந்துக்காக ஒரு ட்ரை அடித்தார். வேல்ஸும் ஒன்று அடித்துச் சமன் செய்தது. இடைவேளைக்குப் பின், முன்வரிசையில் முட்டி நிற்பதையே வேலையாக உடைய ஜாக் டேலி என்பவர், எதிரியின் கோட்டருகே சிதறிய பந்தின்மேல் பாய்ந்து விழுந்து அதைப் பதித்தார். 6க்கு 3. அந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எஞ்சிய நேரம் முழுவதும் கைலின் காலில் இருந்தது. பந்து கைக்கு வந்த போதெல்லாம் அதை மைதானத்தின் ஓரக்கோடுகளை நோக்கி உதைத்து, வேல்ஸ் வீரர்களைத் திரும்பத் திரும்பத் தங்கள் எல்லைக்கே ஓடவிட்டார். இறுதி ஊதல் ஒலித்ததும் கூட்டம் உள்ளே புகுந்து டேலியைத் தோளில் தூக்கிற்று. அவருடைய சட்டையை ஞாபகச் சின்னமாகத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டு போயிற்று. பிரான்சையும் சேர்த்து நால்வரையும் வென்ற அந்தப் பூரண வெற்றி அயர்லாந்துக்கு அதுவே முதல் முறை; இரண்டாவது முறை கிட்டுவதற்கு 61 ஆண்டுகள் ஆயின.

டேலியின் பெயரைச் சொன்னதும் அக்கால ரக்பியின் ஒரு கடுமையையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆட்டத்தை ஆடினவர்கள் காசு வாங்கக்கூடாது என்பது விதி. சனிக்கிழமை ஆடுவதற்காகக் கூலியை இழக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அந்த இழப்பையாவது ஈடு செய்யவேண்டும் என்று இங்கிலாந்தின் வடபகுதிச் சங்கங்கள் வேண்ட, மேலிடம் மறுக்க, 1895இல் அச்சங்கங்கள் பிரிந்துபோய் ‘ரக்பி லீக்’ என்னும் வேறு ஆட்டத்தை அமைத்தன. அதன் பின் லீக் பக்கம் போய்ப் பணம் பெற்றவன் எவனும் பழைய ஆட்டத்துக்குத் திரும்பி வர முடியாது. வெற்றி பெற்ற அதே ஆண்டில் டேலி ஹடர்ஸ்ஃபீல்ட் என்னும் லீக் சங்கத்தில் சேர்ந்தார். ஜனங்கள் சட்டையைக் கிழித்துக் கொண்டாடிய அந்த மனிதர் பின்பு ஒருபோதும் பச்சைச் சட்டை அணியவில்லை. பரம்பரைச் சொத்தோ படிப்போ உள்ளவனுக்கு இந்த விதி ஓர் அலங்காரம். இல்லாதவனுக்கு அது தண்டனை. அதை நியாயம் என்று நான் ஒப்பமாட்டேன். ஆயினும் அதே விதியினால்தான், ஆட்டத்தைத் தொழிலாக்கிக்கொள்ள வழியில்லாத கைல், தம் வாழ்வை வேறொன்றின்மேல் கட்டவேண்டியவரானார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்கவேண்டியிருக்கிறது.

1949இல் அயர்லாந்து பிரான்சிடம் தோற்றாலும் மற்ற மூவரையும் வென்று ட்ரிபிள் கிரவுனைத் தக்கவைத்துக்கொண்டது. 1951இல் பிரான்சை ஒரு புள்ளியாலும், இங்கிலாந்தை மூன்றாலும், ஸ்காட்லாந்தை மறுபடி ஒன்றாலும் வென்று, கார்டிஃபில் வேல்ஸுடன் 3க்கு 3 என்று சமனாக நின்றது. அயர்லாந்தின் அந்த மூன்று புள்ளிகளும் கைலின் ட்ரை. அதைத் தொடர்ந்த உதை குறி தவறாதிருந்தால் இரண்டாவது பூரண வெற்றி அன்றே கிட்டியிருக்கும். அதே ஆண்டில்தான் கைல் வைத்தியப் பட்டமும் பெற்றார்.

பட்டம் தாமதமானதற்குக் காரணம் உண்டு. 1950இல் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் சிறந்த வீரர்களைத் திரட்டி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிய ‘லயன்ஸ்’ அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. மகன் தேர்வான செய்தியைப் பத்திரிகையில் பார்த்த தகப்பனார், இவன் என்றைக்காவது டாக்டராவானா என்று கேட்டதாகக் கைலே பின்னாளில் சொல்வதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்தது. பனாமாக் கால்வாய் வழியாகக் கப்பலில் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேல். யாத்திரை முழுவதும் ஏறத்தாழ ஆறு மாதம். ஊதியமில்லாமல் அத்தனை காலம் படிப்பையும் வேலையையும் விட்டுப் போகக்கூடியவர்கள் எத்தகையவர்கள் என்பதற்கு அந்த அணியே சாட்சி: தலைமை தாங்கிய கார்ல் மல்லனும் பின்னாளில் மகப்பேறு வைத்தியர், எதிரே நியூசிலாந்துக்குத் தலைமை வகித்த ரான் எல்விட்ஜும் வைத்தியர்.

மே மாதம் டனீடன் நகரில் நடந்த முதல் டெஸ்டில் கைல், பந்தோடு எதிரிகளின் நடுவே நுழைந்து நெளிந்து வெளிவந்து ஒரு ட்ரை அடித்தார். பிறகு அவர் உயர உதைத்த பந்தின் விளைவாக வேல்ஸ் வீரர் கென் ஜோன்ஸ் இன்னொன்று அடித்தார். கடைசிக் கட்டத்தில் எல்விட்ஜ் ஒரு ட்ரை அடித்து 9க்கு 9 என்று சமன் செய்யாவிட்டால் வெற்றி லயன்ஸுடையதே. எல்விட்ஜைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் காயம்பட்டவனுக்குப் பதிலாக வேறு ஆளை இறக்க விதி இடம் கொடுக்கவில்லை. வெலிங்டனில் நடந்த மூன்றாம் டெஸ்டில் காயப்பட்டு வெளியேறிய எல்விட்ஜ், தையல் போட்ட முகத்தோடு மைதானத்துக்குத் திரும்பி வந்து, ஆட்களின் எண்ணிக்கை குறைந்திருந்த தம் அணிக்காக ஒரு ட்ரையும் அடித்தார். அத்தகைய மனிதர்களிடம் லயன்ஸ் தொடரை இழந்தது. நான்கு டெஸ்டுகளில் ஒன்று சமன், மூன்று தோல்வி. ஆனால் வெளியூர் ஆட்டக்காரரை எளிதில் மெச்சாத நியூசிலாந்தின் ரக்பி ஆண்டு மலர், அவ்வாண்டின் சிறந்த ஐவருள் ஒருவராகக் கைலைத் தெரிந்தெடுத்தது. ஆஸ்திரேலியாவில் இரண்டு டெஸ்டுகளிலும் லயன்ஸ் வென்றது. திரும்பும் வழியில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய அவ்வணி இலங்கை அணியோடும் ஓர் ஆட்டம் ஆடி, 44க்கு 6 என்று வென்று சென்றதை, நம் கடலோரத்தையும் அந்த யாத்திரை தொட்டுச் சென்றது என்பதற்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

கைலின் ஆட்டம் எத்தகையது? அவர் நாட்டுக்காக ஆடிய 46 ஆட்டங்களில் அடித்த ட்ரைகள் ஏழே. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இதற்கா இத்தனை கீர்த்தி என்று வியக்கக்கூடும். ஆனால் அந்நாளைய விதிகள், எதிரணியின் பின்வரிசை முரடர்கள் ஸ்க்ரமை ஒட்டி நின்று பந்து வெளிப்பட்டவுடன் ஃபிளை ஆஃப் மீது பாய்வதற்குத் தாராளமாக இடம் கொடுத்தன. மைதானமோ குளிர்காலச் சேறு. பந்தோ ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப் போகும் தோல் பந்து. இந்த நிலையில் நெடுநேரம் அவர் ஒன்றும் செய்யாதவர்போலத் தென்படுவார். வாங்குவார், உதைப்பார், அருகில் நிற்பவருக்குத் தள்ளுவார். சடுகுடு ஆட்டத்தில் தேர்ந்த ஆள் எதிர்க்கட்சியின் எல்லையில் ஆவேசமில்லாமல் இப்படியும் அப்படியுமாக உலவி, காவல் நிற்பவர்களின் கண்ணை மந்தமாக்கிவிட்டு, அவர்கள் எதிர்பாராத கணத்தில் தொட்டுவிட்டு மீள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். எழுபது நிமிஷம் காத்திருந்து, எதிரியின் காவலில் ஒருவன் ஓர் அடி முன்னே வந்துவிட்டதைக் கண்டதும், தோளை ஒருபுறம் சாய்த்து மறுபுறம் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் வேகத்தைவிட, அந்த வேகம் எப்போது வரும் என்று தெரியாததே எதிரிகளை அச்சுறுத்தியது.

1953 ஜனவரியில் ரேவன்ஹில்லில் பிரான்சுக்கு எதிராக அவர் அடித்த ட்ரையை இந்த வகையின் உச்சமாகச் சொல்வார்கள். பிடிக்க வந்தவர் ஒருவர்பின் ஒருவராக வெறுங்கையோடு நிற்க, அவர் பிரெஞ்சு வீரர்களின் ஊடே நழுவிப் போன விதத்தைக் கண்டு பரவசமடைந்த ‘ஐரிஷ் டைம்ஸ்’ பத்திரிகையின் நிருபர் பால் மக்வீனி, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் யார் கண்ணிலும் படாமல் ஆட்களைத் தப்புவிக்கும் கதாநாயகனைப் பற்றிய பிரசித்தமான நாவல் ஒன்றின் பாட்டையே கைலின் பெயருக்கு மாற்றி எழுதினார். அந்தப் பாட்டு இன்றும் அயர்லாந்தில் பலருக்கு மனப்பாடம்.

ஆனால் அந்த ரேவன்ஹில்லுக்கே ஒரு வனவாசம் காத்திருந்தது. அங்கே ஆட்டம் தொடங்குமுன் பிரிட்டிஷ் ராணியின் வாழ்த்துப் பாடலுக்கு நிற்கவேண்டியிருந்தது. குடியரசிலிருந்து வந்த ஆட்டக்காரர்களுக்கு அது மனச்சாட்சிக்கு விரோதமானது. 1954இல் ஸ்காட்லாந்துடன் ஆடுமுன் தெற்கத்தி வீரர்கள் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தார்கள். அதன்பின் 2007வரை அயர்லாந்தின் முழு அணி பெல்ஃபாஸ்டில் எந்த நாட்டையும் எதிர்த்து ஆடவில்லை. எல்லாம் டப்ளினுக்கே போயின. அணி உடையவில்லை என்பது பெரிய காரியந்தான். ஆனால் அதன் விலையைச் செலுத்தியது பெல்ஃபாஸ்ட் நகரம்; தங்கள் ஊர்ப் பிள்ளையைத் தங்கள் மண்ணில் காணும் பாக்கியத்தை அவ்வூர் ஜனங்கள் இழந்தார்கள்.

1958 ஜனவரியில், கைலின் சகோதரியை மணந்த நோயல் ஹெண்டர்சன் தலைமையில், அயர்லாந்து ஆஸ்திரேலியாவை 9க்கு 6 என்று வென்றது. தென்கோளத்துப் பெரிய அணியொன்றை அயர்லாந்து வென்றது அதுவே முதல் தடவை. மார்ச் முதல் தேதி ஸ்காட்லாந்துக்கு எதிராக வெற்றியோடு கைல் தம் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தார். அப்போது 46 என்பது உலகில் வேறெந்த ரக்பி வீரரும் எட்டாத எண்ணிக்கை. ஆண்டுக்கு நான்கைந்து ஆட்டங்களே நடந்த காலத்தில் அதைச் சேர்க்கப் பன்னிரண்டு பருவங்கள் பிடித்தன. அதற்கு அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.ஈ. விருது வந்தது.

பெரும்பாலான ஆட்டக்காரர்களின் சரித்திரம் இந்த இடத்தோடு முடிந்துவிடும். எஞ்சிய வாழ்வு விருந்துப் பேச்சுகளாகவும் பழைய கதைகளாகவும் கழியும். கைலுக்கு வயது 32; வேலையே இனிமேல்தான். 1962இல் சுமத்திராவுக்குப் போய் இரண்டு ஆண்டுகள் வைத்தியம் செய்தார். 1966இல் மத்திய ஆப்பிரிக்காவில், விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகளான ஜாம்பியா நாட்டின் செம்புச் சுரங்கப் பிரதேசத்திலுள்ள சிங்கோலா என்னும் ஊருக்கு அறுவை வைத்தியராகப் போனார். 2000ஆம் ஆண்டு வரை, 34 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். நாட்டுக்காக ஆடிய காலத்தைப்போல் மூன்று மடங்கு.

சிங்கோலா என்றால் என்சாங்கா சுரங்கம். பூமியை அகலத் திறந்து மலைப்படிகள் போலக் கீழே கீழே வெட்டிக்கொண்டு போன மாபெரும் பள்ளம். அந்த ஊரின் சோறும் சம்பளமும் ஆஸ்பத்திரியும் செம்பின் விலையைப் பொறுத்தவை. 1970களின் நடுப்பகுதியில் உலகச் சந்தையில் அந்த விலை சரிந்தபோது நாடு கடனில் மூழ்கியது. மருந்துக்கும் உபகரணத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. பிறகு எய்ட்ஸ் நோய் அந்தப் பிரதேசத்தைச் சூறையாடிற்று. நல்ல காலத்தில் வந்த வெளிநாட்டு நிபுணர்களில் பலர் கெட்ட காலத்தில் புறப்பட்டுப் போனார்கள். கைல் போகவில்லை. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒருவர், கர்ப்பப்பைக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று பிரித்துச் செய்யும் சிகிச்சைகள் அனைத்தும் இங்கே ஓர் அறுவை வைத்தியரின் கையில் வந்து விழும்: சுரங்கத்தில் நசுங்கிய காலும், தடைப்பட்ட பிரசவமும், குடல் முறுக்கலும் ஒரே நாளில் ஒரே மேஜைக்கு வரலாம். தமக்குக் கற்றுத் தரப்படாததை நூலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யவேண்டிய நெருக்கடிகளும் அவருக்கு ஏற்பட்டன. அவரிடம் சிகிச்சை பெற வந்தவர்களில் பெரும்பாலோர் முட்டை வடிவப் பந்தொன்றைத் தம் வாழ்வில் கண்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு அவர் டாக்டர் மட்டுமே. அதில் அவருக்கு மனத்திருப்தி இருந்தது என்பதற்கு அங்கே அவர் கழித்த ஆண்டுகளே அத்தாட்சி.

ஆட்டத்தில் அவர் செய்தது பெரிதா, வைத்தியத்தில் செய்தது பெரிதா என்று கேட்டால், தயக்கமில்லாமல் பின்னதே என்பேன். ஆனால் அயர்லாந்து முன்னதையும் மறக்கவில்லை. அந்நாட்டு ரக்பி சங்கம் 2002இல் அவரை அயர்லாந்தின் சிறந்த வீரராகத் தெரிந்தெடுத்தது. 2009 மார்ச் 21ஆம் தேதி கார்டிஃபில் வேல்ஸை வென்று அயர்லாந்து தன் இரண்டாவது பூரண வெற்றியை எட்டியபோது, 83 வயதுக் கைல் பார்வையாளர் நடுவே இருந்தார். அணித் தலைவர் பிரையன் ஒட்ரிஸ்கோலை அன்று கைகுலுக்கி வாழ்த்தினார். அந்தக் காட்சியைப் படத்தில் பார்க்கும்போது, ஆட்டமே தொழிலாகிவிட்ட காலத்தின் வீரரும், ஆட்டத்தைத் தொழிலாக்க அனுமதிக்காத காலத்தின் வீரரும் ஒருவரையொருவர் மெச்சி நிற்பதைக் காண்கிறோம். ரக்பி 1995இல் காசு பெறும் ஆட்டமாக மாறியது. டேலியைப் போன்றவர்களுக்கு அந்த மாற்றம் நூறாண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கைல் 2014 நவம்பர் 28ஆம் தேதி, டவுன் மாவட்டத்து பிரையன்ஸ்ஃபர்டில் தம் 88ஆவது வயதில் காலமானார். தந்தையோடு நிகழ்த்திய உரையாடல்களை அவருடைய மகள் ஜஸ்டின் அந்த ஆண்டிலேயே புத்தகமாக வெளியிட்டிருந்தார். வைத்தியம் கற்பித்த குவீன்ஸ் பல்கலைக்கழகம் 1991இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அவர் பெயரால் அங்கே ஓர் உதவிநிதியும் ஏற்படுத்தப்பட்டது. ரக்பி ஆடிக்கொண்டே பட்டப்படிப்பையும் தொடரும் மாணவர்களுக்கு அந்த நிதியிலிருந்து உதவி வழங்கப்படுகிறது.